ரொசாலியாவின் நெற்றியில் குங்குமம்

படித்தவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிரோடுதான் என் மனைவிக்குத் துரோகம் செய்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா பகுதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாளின் வீட்டில் நானும் அவளும் வேலை செய்தோம். எங்கள் பெர்மெஸ்ஸோ, அந்த நாட்டில் தங்கும் அனுமதி, அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது. கூடத்தில், செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய படம் ஒன்று: கீழே கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருக்கும் நகரம், மேலே அதற்காக மன்றாடும் அந்நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா. சிஞ்ஞோராவின் தம்பி பழைய படங்களைப் பற்றி எழுதுகிறவர். உடைந்த கண்ணாடியை மாற்றுவதற்காகப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தவர், மங்கியிருந்த பாதங்களை எங்களுக்குக் காட்டினார். தேவாலய வாசலில் சில்லறைக்கு விற்ற தாள். ஏழைகள் முத்தமிட்டு முத்தமிட்டு மையே தேய்ந்துவிட்டது. மெழுகுதிரி சொட்டிய கறையும் இருக்கிறது. இந்தத் தேய்வுதான் விலைமதிப்பற்றது என்றார். மனைவிக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரொசாலியாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும்.

யார் செய்தது என்று சிஞ்ஞோராவின் தம்பி கத்தினார்.

"ஓம், நான்தான் வைச்சனான்," என்றாள் மனைவி என்னிடம். "கண்ணாடி இல்லாமல் அம்மா வெளியிலை வந்திருக்கிறா, வெறும் நெத்தியோடை விடுறதே? அவை கொஞ்சித் தேய்ச்சது சரித்திரமாம், என்ரை பொட்டு மட்டும் ஊத்தையோ? கேளுங்கோ அவரை."

நான் இத்தாலிய மொழியில் சொன்னேன்: "இவள் படிக்காதவள். தொடாதே என்று சொல்லியிருந்தேன். மன்னிப்புக் கேட்கிறாள்."

மூன்றும் பொய். பல்லரோ சந்தையில் பேரம் பேசியே அந்த மொழியைப் பழகியவளுக்கு எல்லாம் விளங்கியது. ஏப்ரனைக் கழற்றிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் போறன். நீங்கள் இருந்து கதையுங்கோ."

ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தில் மீன் கழுவப் போனாள். நான் அந்த வீட்டு வேலையிலேயே இருந்தேன், பல ஆண்டுகள்.

பின்னர் அந்தப் படம் ஒரு கண்காட்சிக்குப் போனது. வற்புறுத்தி அவளையும் அழைத்துச் சென்றேன். கீழே ஒட்டியிருந்த குறிப்பில் முத்தங்களுக்கு நான்கு வரி. பொட்டுக்கு, "பிற்காலக் கறை". தம்பியார் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி இத்தாலிய மொழியில் கேட்டேன்:

"அவர்களின் முத்தம் சரித்திரம் என்றால், என் மனைவியின் பொட்டு மட்டும் எப்படி அழுக்கு? அன்று அவள் கேட்டது இதைத்தான். மன்னிப்பை அல்ல. பொய் சொன்னவன் நான்."

காவலாளி என் தோளைத் தொட்டான். நான் நகரவில்லை. அந்தப் பொட்டுக்காகக் கேட்டதற்கு அங்கேயும் வருந்தவில்லை, இன்றும் வருந்த மாட்டேன்.

மனைவி படத்தைக் கைகூப்பி வணங்கினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கடை இத்தாலியன் அண்டைக்கும் நல்லாத்தானே இருந்தது," என்றாள்.