காதர் பாய் கடைக் கூரையில் சிமெண்டை உடைத்தேன்

"ஒழுகுச்சுன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே."

கண்ட்ராக்டர் மாணிக்கம் இதைச் சொன்னபோது நான் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடைக் கூரைமேல் உளியோடு உட்கார்ந்திருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி மூன்று மாதம். வேலை போனால் திண்டாட்டம்தான்.

கடை காதர் பாயுடையது. டிசம்பர் மழை வந்தால் மாடியில் தண்ணீர் கொட்டும். வருஷா வருஷம் நாங்கள் போய் ஓட்டு வரிசையின் கீழ் விளிம்பைச் சிமெண்டு பூசி அடைப்போம். மறுவருஷம் இன்னும் ஒழுகும். நானே இரண்டு தடவை பூசியிருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்த முறை காதர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலு தம்பி, பெருநாள் சரக்கு பூரா மேலதான் இருக்கு. நனைஞ்சா கடையப் பூட்டிட வேண்டியதுதான்."

கூட்டாளி ரஹீமைக் கூரைமேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, நான் உள்ளே டார்ச்சோடு ஓட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஓட்டில் ஒரு விரிசல் இல்லை. மேலே ஏறிப் பார்த்தால், பக்கத்துக் கடைக் கூரையும் இதுவும் சேரும் இடத்தில் மழைத்தண்ணீர் வழிந்தோடும் தகரக் கட்டர்தான் நிரம்பியிருந்தது. அதில் இலையும் எங்கள் சிமெண்டுக் கட்டியும் அடைத்திருந்தன. தேங்கிய தண்ணீர் பின்னால் ஏறி ஓட்டுக்கு அடியில் புகுந்தது. புகுந்தது திரும்பி வெளியே வரவும் நாங்கள் பூசிய சிமெண்டு விடவில்லை. அடப்பாவிகளா, ஒழுக வைத்ததே நாங்கள்தான்!

அதனால்தான் உளியை எடுத்தேன். கீழே நின்ற மாணிக்கம் கத்தினார். "டேய், அடைக்கச் சொன்னா உடைக்கிறியா? மூளை இருக்கா?"

"இருக்கு முதலாளி. ஒரு மழை வரட்டும், பாருங்க."

சிமெண்டு முழுவதையும் பெயர்த்து, கட்டரைச் சுரண்டிக் கழுவி, அகலமான புதுத் தகரம் போட்டேன்.

மூன்றாம் நாள் பேய்மழை. நானும் மாணிக்கமும் காதர் பாயும் மாடிக்கு ஓடினோம். மாணிக்கம் உத்தரத்தைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! ஒரு மூட்டைகூட நனையல!" என்று காதர் பாய் என்னைக் கட்டிக்கொண்டார். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கூரையில் ஏறினாலும், தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கு முன் எங்கே வெளியேறுகிறது என்றுதான் பார்த்தேன்.

அன்று மாடியில் மாணிக்கம் உத்தரத்தை இன்னொரு தடவை தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நாம இப்படிச் சிமெண்டு பூசின கடை எத்தனடா இருக்கும்?"

"ஒரு இருபது இருக்கும் முதலாளி."

"எல்லாத்தையும் போய் உடை லா."