காற்றுக்குப் பட்டா கேட்டவர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவள் என்பதால் அவளை எல்லாரும் கண்ணாடிக்காரி என்றே கூப்பிட்டார்கள். பகலெல்லாம் தேய்ப்பு எந்திரத்தின் முன்னால். இரவு ஒன்பதரை ஆனால் உள்ளறையில் அமெச்சூர் ரேடியோவின் முன்னால். அவள் அண்ணனுக்குக் கடலுக்கு நடுவே ஒரு தீவில் வானிலை நிலையத்தில் வேலை. போன் எட்டாத இடம். இரண்டு பேரும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, நாற்பது மீட்டர் சிற்றலையில் தினமும் பேசிக்கொண்டார்கள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகன் குரலைக் கேட்பாள்.

இரவானால் அந்த அலைவரிசை சந்தைக்கடைதான். ஒரு பக்கம் வெளிநாட்டு வானொலி முழங்கும், இன்னொரு பக்கம் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கண்ணாடிக்காரி குமிழை மயிரிழை நகர்த்துவாள், ஒலி வடிகட்டியைக் குறுக்குவாள், ஒன்றும் தேறாவிட்டால் மோர்ஸ் தந்திக் குறியீட்டைத் தட்டுவாள். கூட்டமென்றால் நாலு இடி படத்தான் செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் ஒருநாள் முதல் காதைத் துளைக்கும் ஒரு விசில் வந்தது. அண்ணன் வாயைத் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். அலைவரிசையில் இடம் மாறினால் பின்னாலேயே வரும்.

அம்மாவுக்கு இதய ஆபரேஷன் நாள் குறித்தார்கள். முந்தைய இரவு அண்ணன் ஏதோ சொன்னான். "அம்மா, பயப்படாதே..." என்பது மட்டும் கேட்டது. மீதியை விசில் விழுங்கியது. மோர்ஸையும் விடவில்லை. முக்கால் மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு அம்மா எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

அம்மா பிழைத்தாள். கண் விழித்ததும் மகளிடம் கேட்ட முதல் கேள்வி: "அந்த விசில்காரன் யாருன்னு கண்டுபிடிச்சியா?"

"நீ முதல்ல உடம்பைத் தேத்தும்மா."

"உடம்பு தானா தேறும். அவனை விட்டுடாதே."

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி. கண்ணாடிக்காரி ஒவ்வொரு இரவையும் பதிவு செய்தாள். திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்று பிடிபட்டது: விசில் தொடங்கும்போது ஒரு கணம் சுருதி தடுக்கி ஏறிவிட்டுத்தான் நிலைக்கும், விக்கல் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோ சங்கச் செயலாளர் புது உறுப்பினர்களுக்காக மோர்ஸ் பயிற்சி ஒலிபரப்பினார். ஒவ்வொரு தட்டிலும் அதே விக்கல்!

அவளுக்குப் பழைய பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் இதே மனிதர் அவளிடம், "ஒன்பதரைக்கு அந்த இடம் எங்க குழுவுக்கும்மா. பத்து வருஷமா பேசுறோம். நீங்க வேற இடம் பாத்துக்கோங்க" என்று சொல்லியிருந்தார்.

"காத்துக்கு ஏது சார் பட்டா? காலியா இருந்தது, பேசுறோம்" என்றாள் இவள். அவர் சிரித்துக்கொண்டேதான் போனார்.

காதை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றம் சொல்ல அவள் தயாராக இல்லை. மரச்சட்டத்தில் கம்பியைச் சுற்றித் திசைகாட்டும் ஆன்டெனா ஒன்று செய்தாள். அதைத் திருப்பத் திருப்ப ஒரு திசையில் ஒலி அடங்கும். அந்தக் கோட்டில்தான் ஆள். வீட்டு மாடியிலிருந்து ஒரு கோடு, கடை மாடியிலிருந்து ஒரு கோடு. இரண்டும் வரைபடத்தில் செயலாளர் தெருவில் வெட்டிக்கொண்டன. மறுநாள் இரவு ஒன்பதரைக்கு ஸ்கூட்டரில் அந்தத் தெருவுக்கே போனாள். அவர் வீட்டு வாசலில் அவள் கையிலிருந்த ரேடியோப் பெட்டி அலறியது. ஜன்னலில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். தனியாகக் கேட்டால் தனியாகத்தான் மன்னிப்புக் கேட்பார். அது அவளுக்குப் போதாது.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. செயலாளர் அறிக்கை படித்தார். "அலைவரிசையில் ஒழுக்கம் காப்போம்" என்ற வரியில் கைதட்டல். கண்ணாடிக்காரி எழுந்து, "ஒழுக்கத்தைப் பத்தி ரெண்டு நிமிஷம்" என்று ஒலிப்பெட்டியை மேஜைமேல் வைத்தாள். முதலில் விசில். அடுத்து செயலாளரின் மோர்ஸ். மறுபடி விசில். பிறகு வரைபடத்தை விரித்தாள்.

செயலாளர் வியர்த்தார். "மெஷின்ல ஏதோ கோளாறும்மா..."

"மெஷின்ல கோளாறு வரும் சார். நான் பதிவு செஞ்ச முப்பத்தோரு நாளும் எங்கண்ணன் வாயைத் திறக்குற நேரம் பார்த்து வருமா?"

அன்றே பதவி போனது. அவள் அரசுக்குக் கொடுத்த புகாரில் ஒரு வருஷத்துக்கு உரிமமும் நிறுத்தப்பட்டது.

அடுத்த வாரம் செயலாளரின் மனைவி வீடு தேடி வந்தாள். "அவருக்கு வேற பொழுதுபோக்கே இல்லைம்மா. சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை. புகாரை வாபஸ் வாங்கிக்கக் கூடாதா?"

கண்ணாடிக்காரி வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கிட்டாள். "தண்ணி குடிம்மா. உன்மேல எனக்கு வருத்தமே இல்லை. ஆனா என் பிள்ளை குரலைக் கேட்காமத்தான் என்னைக் கத்தி வைக்கக் கொண்டு போனாங்க. உங்க வீட்டுக்காரர் ஒரு வருஷம் யார் குரலையும் கேட்காம இருக்கட்டும்."

வந்தவள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த மனிதருக்காக இரக்கம் வருகிறதா என்று கண்ணாடிக்காரி தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். வரவில்லை.

ஒரு மாதம் வரை கடைக்கு அவள் சுற்று வழியில் போனாள், செயலாளர் தெரு வழியாக. ஒருநாள் காலை அவர் மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். அவள் ஸ்கூட்டரை நிறுத்தி, அவர் கடைசி முழத்தையும் சுருட்டி முடிக்கிறவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.