துடைத்தாலும் போகாத நீலம்

என் மகள் கயலின் உதட்டில் நீலத்தை முதலில் பார்த்தபோது, கையிலிருந்த ஈரத்துணியால் துடைத்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள் நான். பிள்ளை பெயிண்டில் வாயை வைத்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. அழுதால் நீலம் கூடும், தூங்கினால் குறையும். நானும் சலிக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அவளுக்கு அப்போது மூன்று வயது. பட்டறை வாசலில் நாலு எட்டு ஓடுவாள். உடனே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். நாங்களும் அப்படி உட்கார்ந்துதான் வேலை செய்வோம். "அம்மாவாட்டமே குந்திக்கினு இருக்குது பாரு" என்று கூட வேலை செய்யும் செல்வி அக்கா கொஞ்சுவார். எனக்குப் பெருமை வேறு, போங்கள்!

சளி என்று டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கயலின் நாக்கையும் நகங்களையும் பார்த்தார்.

"பெயிண்டுங்க மேடம்" என்றேன்.

"நாக்குலயுமா பெயிண்டு? ஓடினா உடனே குந்திக்கிறாளா?"

"ஆமாங்க. எங்களப் பாத்து பழகிக்கிச்சி."

"இல்லம்மா. மூச்சு வாங்குறப்ப அது தானா கண்டுபிடிச்ச வழி."

எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) தெரிந்தது: பிறவி இதயக் குறை. இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல்.

புதுச்சேரியில் ஆபரேஷன். தாழ்வாரம் முழுக்கப் புகை மூடியதுபோல மங்கலாக இருந்தது. செருப்புச் சத்தங்கள் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலக் கேட்டன. சூளையில் வைத்த பொம்மையை நடுவில் திறந்து பார்க்க முடியாது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் மூடிய கதவைப் பார்த்தபடி இருந்தேன். என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடு சாமி என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

கொடுத்தது.

உங்கள் பிள்ளைக்குப் பால் குடிக்கையில் வியர்த்தால், அழுகையில் உதடு நீலமானால், விளையாட்டின் நடுவே குந்தினால், துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கயல் இப்போது தெருமுனைவரை ஓடுகிறாள். அவள் குந்துவாளோ என்று என் கால்கள்தான் மடங்கப் பார்க்கின்றன. அவள் திரும்பி வருவதற்குள் ஒரு பகல் கழிந்துவிட்டதுபோல இருக்கிறது.

போன வாரம் ஓடிவந்து மடியில் விழுந்தாள். உதட்டில் நீலம். துணியை எடுத்து அழுத்தித் துடைத்தேன்.

"பொம்மைக்கு முத்தா குடுத்தேம்மா" என்றாள்.

திட்டத்தான் வாயெடுத்தேன். இந்த முறை துணியில் நீலம் ஒட்டியிருந்தது.