கை தூக்காத முதியோர்

"மு... தி... யோ..." என்று போர்டில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த மீன்கார அக்கா, "ர்" வந்ததும் சூடு பட்டதுபோல விரலை எடுத்தாள். மூன்று வாரப் பாடத்துக்குப் பிறகு அவள் தானாகப் படித்த முதல் சொல் அது. நான் கைதட்டப் போனேன். அவள் சிலேட்டை என் மடியில் வைத்தாள்.

"யாரு டீச்சரு முதியோரு?"

"அது அரசாங்கத் திட்டத்தோட பேருக்கா. முதியோர் கல்வி மையம்."

"எனக்கு இன்னும் முப்பது ஆவல. வூட்ல கைக்கொயந்த கீது. நான் கெழவியா?"

மீன்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போயேவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிக்க ஆள் வரவில்லையே என்று நான் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்க, வரக்கூடியவர்களை வாசலிலேயே விரட்டிக்கொண்டிருந்தது நான் பச்சைப் பெயிண்டில் பூப்போட்டு எழுதி மாட்டிய போர்டு!

செங்கல்பட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்துக்கு நான் பாடம் சொல்லப் போய்வந்தேன். கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் வாங்கிய நாலு கோப்பைகள் வீட்டில் இருந்தன. பேசினால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற திமிரும் இருந்தது. வந்தது நாலு பேர். வலை வைக்கும் கொட்டகையில், மதியம் மீன் விற்றுத் திரும்பிய பிறகு வகுப்பு. அதிகாரி பார்வையிட வரும்போது இருபது பேர் இல்லையென்றால் மையம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மையம் போனால் அதன் பின்னாலேயே நானும் போய்விடலாம். அக்கா எங்கே போவாள்?

அவள் படிக்க வந்ததே ஓர் எழுத்தால். செங்கல்பட்டுக்கு மீன் கொண்டுபோகிறவள், திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாற வேண்டும். யாரிடமும் கேட்கப் பிடிக்காமல், "செ" என்ற எழுத்தின் உருவத்தை மட்டும் மனதில் பதிய வைத்திருந்தாள். ஒருநாள் "செ" வந்தது, ஏறினாள், இறங்கினால் செய்யூர்! கடலுக்குப் பக்கத்து ஊரில் போய் ஒரு கூடை மீனோடு நின்றால் யார் சீந்துவார்கள்? "ரெண்டாவது எழுத்த மட்டும் சொல்லிக் குடு, போதும்" என்றுதான் என்னிடம் வந்தாள். இப்போது அந்த இரண்டாவது எழுத்தும் வேண்டாம் என்று போயிருந்தாள்.

மறுநாள் படகோரம் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவே அவளைப் பிடித்தேன். பேச்சுப்போட்டிக் குரலில் ஆரம்பித்தேன்.

"முதியோர்னா கிழவின்னு அர்த்தமில்லக்கா. வயது வந்தோர்னு அர்த்தம்."

படகே ஆடுகிற மாதிரி சிரிப்பு.

"வயசுக்கு வந்தவங்களுக்கா?" என்றாள் அக்கா. "நான் வந்து பதினாறு வருசம் ஆவுது. பச்ச ஓல கட்டி, குந்த வெச்சி, புட்டு சுத்திப் போட்டாங்க. நீ மறுபடியும் சிலேட்டக் குடுத்துக் குந்த வெக்கப் போறியா?"

என் முகம் சிவந்துவிட்டது. "சரி, பள்ளிக்கூடம்னு எழுதிடறேன்" என்றேன்.

"அய்ய, பள்ளிக்கூடமா? அடிப்பாங்க" என்றாள் இன்னொருத்தி. "எங்க வூட்டு ஆளு ஏற்கெனவே கெழவி கிளாசு, கெழவி கிளாசுன்னு பேஜாரு பண்ணிகினு கீறான்."

அக்கா ஒரு மீனைச் செவுளோடு தூக்கி என்னை நோக்கி ஆட்டினாள். "ஆம்பளைங்க மன்றம் வெச்சிகினு கீறானுங்க. எங்கடா போறன்னா மன்றத்துக்குன்றான், எவளும் வாயத் தொறக்கறதில்ல. நமக்கு சங்கம்னு எழுது."

"அது பொய் இல்லையா அக்கா?"

"முதியோருன்னு எழுதினியே, அது மட்டும் நெசமா?"

பேச்சுப்போட்டியில் இப்படி ஒருத்தியும் என்னை மடக்கியதில்லை. அன்றே பழைய பெயிண்டைச் சுரண்டி "மகளிர் சங்கம்" என்று எழுதினேன். சங்கம் என்றால் பதிவேடு பதிவேடாக இருக்கலாமா? அது உறுப்பினர் பட்டியல் ஆயிற்று. வகுப்பு, கூட்டம் ஆயிற்று. கொட்டகை அதேதான், சிலேட்டும் அதேதான், சொல்லிக்கொடுப்பவளும் நானேதான். பத்தே நாளில் இருபத்தாறு பேர்! வகுப்புக்கு வராமல் போனவர்கள் காரணம் சொன்னதே கிடையாது. கூட்டத்துக்குத் தாமதமானவர்கள் மூச்சிரைக்க வந்து காரணம் சொன்னார்கள். "கெழவி கிளாசு" என்று கேலி பேசிய அதே புருஷன், அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நின்று, "சங்கம் முடிய எவ்ளோ நேரமாவும் மேடம்?" என்று பவ்வியமாகக் கேட்டான். மேடம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், வெயிலில் வாடியிருந்தார். போர்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளே வந்து பேனாவைத் திறந்தார்.

"முதியோர் எல்லாம் கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. இருபத்தாறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதவி செய்கிற நல்லெண்ணத்தில் ஒருத்தி, வெளியே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரைக் காட்டினாள்: "அதோ, அவரு."

"யாரு, நானா?" என்று அவர் அங்கிருந்தே கத்தினார். "உங்கொப்பன் என்னவிட மூணு வயசு பெரியவன்மே!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "வருகை ஒருத்தரும் இல்லைன்னு எழுதட்டுமாம்மா?"

நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். "சங்க உறுப்பினருங்க கை தூக்குங்க" என்றேன். இருபத்தாறு கைகளின் வளையல்களும் ஒரே நேரத்தில் சரிந்தன. அக்கா எழுந்து, அவர் கையிலிருந்த பையைப் பார்த்து, "செ... ங்... க... ல்... ப... ட்... டு" என்று அதில் அச்சடித்திருந்த ஜவுளிக்கடை முகவரியைப் படித்துக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் வெளியே போய்ப் போர்டைப் பார்த்தார்.

"சங்கமா? சங்கம்னா கொடி, கோரிக்கைன்னு ஆகிடும்மா. பழைய பேரை எழுதிடுங்க. பதினஞ்சு நாள்ல மறுபடி வருவேன். அந்தப் பேர் இல்லேன்னா ஆபீஸ் கணக்குல இந்த மையமே இல்லை. வேற ஊருக்குக் குடுத்துடுவாங்க. பேர் பிடிக்கலேன்னா மேலே எழுதிக் கேளுங்க."

அவர் போன பிறகு கொட்டகையில் யாரும் எழவில்லை. பழைய பெயரை எழுதினால் இருபத்தாறு மறுபடி நாலாகிவிடும். எழுதாவிட்டால் நாலும் இல்லை. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சரு, கோரிக்கைன்னா இன்னா?" என்றாள் அக்கா.

"நமக்கு வேணும்கறதை எழுதிக் கேக்கறது."

"அப்ப நம்மகிட்ட ஒண்ணு கீதே! எங்கள முதியோருன்னு கூப்புடாதன்னு எழுதிக் குடுப்போம்."

அதிகாரி பயந்துபோய்ச் சொன்ன சொல்லையே இவர்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். நான் உடனே தாள் எடுத்தேன். "பணிவுடன் வேண்டுகிறோம்" என்று வாசகம் சொன்னேன்.

"வேண்டறது மாரியாத்தாகிட்ட" என்று ஒருத்தி வெட்டினாள்.

"கேட்டுக்கொள்கிறோம்?"

"கேட்டா இல்லன்னுடுவான். சொல்லிக்கிறோம்னு போடு."

"அப்படிப் போட்டா கோவம் வந்துடும்" என்றேன்.

"வரட்டும், படிப்பான் இல்ல?"

மூன்று நாளாக அந்த ஒரு சொல்லில் நிற்கிறோம். அதிகாரி திரும்பி வர இன்னும் பன்னிரண்டு நாள்; போர்டில் இன்னும் சங்கம்தான். தாளும் என் கையைவிட்டுப் போயிற்று. நான் எழுதினால் அது டீச்சர் எழுதியது, அவர்கள் எழுதினால்தான் மையம் நடக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும் என்பது அக்காவின் கட்சி. எனக்கும் சரியாகத்தான் படுகிறது. திங்கட்கிழமை மதியம் அவள் முதல் சொல்லை எழுதப் போகிறாள்: "நாங்கள்." நேற்றுவரை கடைசி எழுத்தை "ல்" என்றே போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து எழுதவைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அதற்கு அடுத்த சொல் வேண்டுகிறதா, கேட்கிறதா, சொல்கிறதா என்பதைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்யப் போகிறோம்.