செவ்வந்தி லேப்டாப் எடுத்த கதை

"மூக்கு மட்டும் என் மூக்குங்க. மத்ததெல்லாம் அம்மா ஜாடை."

கண்டக்டர் கேட்டது எங்க எறங்கணும்னுதான். பூபதிக்கு அது காதுல விழல. மடியில நாலு மாசப் பேத்தி தூங்கிக்கினு இருந்தா, அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது. பக்கத்துல இருந்த அவரு பொண்ணு செவ்வந்திதான், "மீஞ்சூர்ண்ணா"ன்னு சொல்லிச்சு.

அவங்க ஊரு, ஏரிக்கரை கோட்டைக்குப்பத்துல செவ்வந்தியத் தெரியாதவங்க இல்ல. எறாப் பண்ணைங்களுக்குப் போயி, குட்டையில முக்கி வெச்சிருக்கிற கருவிய லேப்டாப்புல மாட்டி, தண்ணி எப்படி இருக்குன்னு கணக்கு எடுத்துக்கினு வர்ற வேலை. இன்னிக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு. பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, போட்டுன்னு அலையணும். அந்தக் கருவிக்குன்னு இருக்கிற புரோகிராம் லினக்ஸ்லதான் ஓடும். எல்லார் கம்ப்யூட்டர்லயும் விண்டோஸ் இருக்கும்ல, அதுக்குப் பதிலா போடறது அது.

பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்திருந்த மாசங்கள்ல அந்த லேப்டாப் பீரோ மேல சும்மா கெடந்துச்சு. மீன் புடிக்கக் கூடாத தடைக்காலத்துல போட்டு கரையில நிக்கும்போது, உப்புக்காத்து தின்னுடப் போவுதுன்னு பூபதி இஞ்சினுக்கு எண்ண தடவி மூடி வெப்பாரு. முப்பது வருசப் பழக்கம். பொண்ணு பொருளு துருப்புடிச்சிடக் கூடாதேன்னு, அதுக்கும் ஒவ்வொரு ஓட்டையிலயும் சொட்டு சொட்டா தேங்கா எண்ண உட்டு, துண்டுல சுத்தி வெச்சிட்டாரு. செவ்வந்தி எடுத்துப் பாத்தா பளபளன்னு இருக்குது. ஆன் மட்டும் ஆவல.

"இன்னா நைனா, பொரிச்சி சாப்புடலாம்னு பாத்தியா?"

கேட்டுட்டு சிரிச்சிச்சு. திட்டியிருந்தாகூட பூபதிக்கு மனசு ஆறியிருக்கும்.

ஏன்னா, வேலைய பிரிச்சிக் குடுக்கற மோகன்குமாரு அப்பவே இழுத்துக்கினு இருந்தாரு. "கைக்குழந்தைய வெச்சிக்கினு எட்டு நாளு எப்படிம்மா சுத்துவ?" திங்கக்கெழம காலையில மெஷினோட ரெடியா இருந்தா பாக்கலாம், இல்லன்னா வேற ஆளுன்னு சொல்லிட்டாரு. புருசன் லோகேஷு கடல்ல இருந்தாரு. அதனால சனிக்கெழம அப்பனும் பொண்ணும் குழந்தையத் தூக்கிக்கினு கெளம்பி, மீஞ்சூர்ல ரயிலப் புடிச்சி, சென்னையில வரதன்னு ஒருத்தர் கடைக்குப் போனாங்க. புதுசும் விப்பாரு, ஆபீசுங்கள்ல ஓட்டிட்டுக் குடுத்ததும் விப்பாரு.

வரதன் செவ்வந்தியப் பாக்கவே இல்ல. "பெரியவரே, இன்னா மாதிரி வோணும்?"

"என்ன ஏன்பா கேக்கற? நான் தொட்டா கெட்டுடும். எம் பொண்ணக் கேளு."

வரதன் வெள்ளிக் கலர்ல மெல்லிசா ஒண்ண எடுத்து வெச்சாரு. "லேடீஸ்லாம் இதான் எடுக்கறாங்க."

செவ்வந்தி பர்ஸுலருந்து ஒரு பென்டிரைவ எடுத்துச்சு. "இதுல லினக்ஸ் இருக்குண்ணா. உள்ள இருக்கறது எதுவும் அழியாது. இதுலருந்தே ஓட்டிப் பாக்கறேன்."

"அதெல்லாம் வீட்ல போயி பாத்துக்கம்மா."

"வீட்டுக்குப் போனப்புறம் உங்கள எங்கண்ணா தேடுவேன்?"

அந்த வெள்ளிக் கலரு நல்லாத்தான் ஓடிச்சு, ஆனா வைஃபை புடிக்கல. ரெண்டாவது ஒண்ணுல வைஃபை புடிச்சுது. மூடிட்டுத் தொறந்தா இருட்டு, எழுந்துக்கவே இல்ல.

"மூடி மூடித் தொறக்கறதுக்கா லேப்டாப்பு?"ன்னாரு வரதன்.

செவ்வந்தி காதுல வாங்கல. கீழ் அலமாரியில மூலையெல்லாம் கீறலா, கருப்பா ஒண்ணு இருந்துச்சு. அதக் கேட்டு வாங்கிச்சு. வைஃபை, சத்தம், கேமரா, எல்லாம் வந்துச்சு. கவுத்துப் போட்டு, பேட்டரிய தானே கழட்டி மாட்டலாமான்னு பாத்துச்சு. போன் சார்ஜர்ல ஏறுதான்னு பாத்துச்சு. ஒரு கையில தூக்கிக்கினு நாலு அடி நடந்துச்சு. புது இஞ்சின் எடுக்கறப்ப பூபதியும் இப்படித்தான், வாயத் தொறக்காம சுத்திச் சுத்தி வருவாரு. நடுக்கடல்ல நின்னுட்டா கடைக்காரனா வருவான்? இத அவரு ஒருநாளும் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்ததில்ல.

அப்புறம் பையிலருந்து ஒரு பாட்டில் ஏரித் தண்ணிய எடுத்துச்சு பாரு, வரதனே எட்டிப் பாத்தாரு. கூடவே கொண்டாந்த கருவிய அதுல முக்கி, வயர மாட்டி, நம்பரு ஓட ஆரம்பிச்ச நேரத்துல பாப்பா வீல்னு கத்திச்சு. பூபதி ஆட்டுனாரு, பாடுனாரு, ஃபேனக் காட்டுனாரு. ஒண்ணும் ஆவல. செவ்வந்தி இடது கையால குழந்தைய வாங்கிச்சு, வலது கையால லேப்டாப்ப மூடிச்சு, வரதன்கிட்ட கேட்டுக்கினு கடைக்குப் பின்னால போயிடுச்சு.

அரை மணி நேரம். பூபதி ரெண்டு கையயும் கட்டிக்கினு லேப்டாப்புக்குக் காவலு.

திரும்பி வந்தப்ப குழந்த தோள்ல தூங்குது. ஒரே வெரலால தொறந்துச்சு. விட்ட எடத்துலருந்து நம்பரு ஓடுது.

"இதாண்ணா வோணும்."

வரதன் இப்பதான் அது மொகத்தப் பாத்துப் பேசினாரு. "எம்மா, என் கடைக்கு வேலைக்கு வர்றியா?"

"அதுக்கு வேல இருக்குது"ன்னு பூபதி பட்டுனு சொல்லிட்டாரு. சொன்னப்புறந்தான் திங்கக்கெழம ஞாபகம் வந்துச்சு.

இன்னிக்குக் காலையில, அந்தத் திங்கக்கெழம, ஆறு மணிக்கே போட்டு ஏறற எடத்துல நின்னாங்க. குழந்தையோட துணிப்பை பூபதி தோள்ல. எட்டு நாளும் அவரும் கூடப் போறதா இருக்காரு. மோகன்குமாரு போன் வந்துச்சு. செவ்வந்தி ஸ்பீக்கர்ல போட்டுச்சு.

"மெஷின் இருக்கா?"

"இருக்கு சார். ஏரித் தண்ணியிலயே பாத்துட்டேன்."

"அது சரிம்மா. வேல நடக்கறப்ப குழந்த அழுதா இன்னா பண்ணுவ?"

செவ்வந்தி குழந்தைய இந்த இடுப்புலருந்து அந்த இடுப்புக்கு மாத்திக்கிச்சு.

"அழுவும் சார், பால் குடுப்பேன். மொத ஊரு எதுன்னு சொல்லுங்க."