மகள் பெயரில் இருக்கும் வீடு

அன்று துருக்கியில் என் மகனுக்குப் பெண் கேட்கப் போன வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். பெண்ணின் தகப்பனார், தாயார், தகப்பனாரின் அக்கா, பெண். எங்கள் பக்கம் நான், என் மனைவி, என் மகன். எட்டாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நான் அங்கே என்ன பேசினேன் என்பதை எங்கள் ஊரில் பல பேர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுபோல் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வலங்கைமானுக்கும் பூதலூருக்கும் அலைந்து நெல் வாங்கி ஆலைக்கு விடுவதுதான் தொழில். சாக்குக்குள் கையை விட்டால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மற்ற எதைப் பற்றியும் எனக்கு நிச்சயம் கிடையாது. துருக்கிக்குப் போக விமானம் ஏறிய நேரத்தில் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று தெரியவில்லை. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மூடித்தான் இருக்கிறது என்றாள். கையால் தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மகன் கத்தாரில் ஒரு ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அதே இடத்தில் ரத்தம் பரிசோதிக்கும் வேலையில் இருந்த துருக்கிப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். இரண்டு வருஷம் யோசித்தோம். பெண்ணுக்கு அவள் ஊருக்குப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. கத்தாரை விட்டு அங்கே வேலைக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. அந்த நாட்டு முறைப்படி பையனின் தகப்பன் நேரில் போய், பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வாயால் கேட்க வேண்டும். அதற்கென்று ஒரு வாசகம் உண்டு. அல்லாஹ்வின் கட்டளைப்படியும் நபியின் சொல்லின்படியும் உங்கள் மகளை என் மகனுக்குக் கேட்கிறேன் என்று அர்த்தம். மகன் அதைத் துருக்கியில் சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தேன். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து ஊசி குத்தியிருந்தேன்.

டவுனிலிருந்து பெண்ணின் தகப்பனார் தன் பழைய காரில் எங்களைக் கூட்டிப் போனார். இரண்டு மலைகளுக்கு நடுவே நாற்பது வீடு இருக்கலாம். பாதிக்கு மேல் ஜன்னல் சாத்திக் கிடந்தது. இளவட்டங்கள் எல்லாம் பெரிய ஊர்களுக்குப் போய்விட்டார்களாம். அறுப்பு முடிந்த கோதுமை வயல், நெட்டை நெட்டையாய் மரங்கள், தகரக் கூம்பு போட்ட ஒற்றை மினாரா, தெருமுனையில் கல்தொட்டியில் விழுந்துகொண்டே இருக்கும் ஊற்றுத் தண்ணீர். அடைக்க ஒரு குழாய்கூட இல்லை. வாய்க்காலின் கடைசித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் கடைமடைக்காரன் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று மகனிடம் மூன்று தடவை கேட்டேன்.

அதைவிட, அங்கே சத்தமே இல்லை. எங்கள் ஊரில் விடியற்கால சுபுஹுக்கு ஐந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பும். அப்புறம் மீன்காரர், டவுன் பஸ், பக்கத்து வீட்டு மிக்சி. ஊர் அமைதியாக இருந்தால் கரண்ட் போயிருக்கும், அல்லது யாராவது மௌத்தாகியிருப்பார்கள். இங்கே எப்போதாவது ஒரு டிராக்டர் போனது. அது போன பிறகு இன்னும் அமைதியானது. என்னால் ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை.

கூடத்தில் நுழைந்ததும் என் மனைவிதான் முதலில் பார்த்தாள். டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் எங்கள் வீட்டின் படம். இரண்டு மாடி, பச்சைக் கேட், வாசலுக்கு மேல் பிறை. படியில் என் செருப்புகூட இருந்தது. பெண்ணின் தகப்பனார் அதை இரண்டு கையாலும் எடுத்துத் துடைத்து எங்களிடம் காட்டினார். ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றாரு?"

மகன் தரையைப் பார்த்தான். "எம்மவ வாழப்போற வீடுன்னு சொல்றாரு, வாப்பா."

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன சங்கடம் என்று புரியாது. எங்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். பெண் பிறந்தால் தகப்பன் அன்றிலிருந்து செங்கல் சேர்ப்பான். கல்யாணமான பையன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோய்விடுவான். படத்தில் இருந்த வீடு என் மனைவிக்கு அவள் தகப்பனார் கொடுத்தது. நான் அதில் மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தவன். நெல்லில் சம்பாதித்ததைப் போட்டு மாடி எடுத்தேன். மகளுக்கு நிக்காஹ் ஆவதற்கு முந்தின வாரம் அதை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மேலே மகளும் மருமகனும் இருக்கிறார்கள். நாங்கள் கீழே ஓர் அறையில். முதலில் மனைவியுடையது, இப்போது மகளுடையது. நடுவில் ஒரு நாளும் அது என்னுடையதாக இருந்ததில்லை. மகனுக்கு அதில் ஒரு ஜன்னல்கூடப் பாத்தியம் கிடையாது.

கை கழுவப் போகிற சாக்கில் மனைவியைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன். அங்கே விரிப்பில் வால்நட் காயப் போட்டிருந்தார்கள்.

"பாத்தியா?"

"பாத்தேன். இப்ப வாயைத் திறக்காதீங்க. நிக்காஹ் முடியட்டும்."

"அவரு சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்காரு."

"மாட்டட்டுமே. வீடு யார் பேர்ல இருக்குன்னு இவங்க வந்து வில்லங்கம் போட்டுப் பாக்கப் போறாங்களா?"

மகன் வந்தான். "வாப்பா, நான் பொய் சொல்லல. எங்க வீடுன்னுதான் சொன்னேன். அதுலதானே பொறந்தேன்."

"பொறந்த ஆஸ்பத்திரியையும் போட்டோ புடிச்சு அனுப்பறதுதானே?"

அந்தப் பெண் இல்லாமல் அவன் திரும்பிப் போனால் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் நாங்கள் யோசித்தபோது அவன் எட்டு கிலோ இளைத்திருந்தான். நான் வாயைத் திறந்தால் சம்பந்தம் போகலாம். திறக்காமல் கேட்டால், அல்லாஹ் பேரையும் நபி பேரையும் சொல்லி ஒரு மனிதரை ஏமாற்றியதாகிவிடும். ஈர நெல்லைக் காய்ந்த நெல் என்று ஒரு தடவைகூட நான் தள்ளிவிட்டதில்லை. நல்ல மனசு என்று இல்லை. மாட்டிக்கொள்வோம் என்கிற பயம்தான். ஆனால் பயமும் ஒரு மனிதனை முப்பது வருஷம் நேர்மையாக வைத்திருக்கும்.

லுஹர் தொழ மதியம் பள்ளிவாசலுக்குப் போனேன். பாங்குச் சத்தம் ஒன்றுதான் அந்த ஊரில் எனக்குப் புரிந்த பேச்சு. அவர்கள் ஹனஃபி. நாங்கள் ஷாஃபி, தொழும் முறையில் சின்ன வித்தியாசம் உண்டு. ருகூவுக்குக் குனியப் போகும்போது நான் மட்டும் கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். இங்கேயும் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். தொழுகை முடிந்ததும் அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்றும் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

திரும்பி வந்ததும் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸில் தேநீர் வந்தது. நான் குடித்து வைத்தால் பெண்ணின் அத்தை உடனே நிரப்பினார். மரியாதைக்குக் குடித்தேன். மறுபடி நிரப்பினார். போதும் என்றால் ஸ்பூனைக் கிளாஸின்மேல் குறுக்கே வைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்பது கிளாஸ் ஆயிற்று. மனைவி காதோரம், "வீட்டுல ஒரு டம்ளர் டீக்கு சுகர் சுகர்னு கத்துவீங்க" என்றாள்.

பெண்ணின் தகப்பனார் மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். கேட்க வேண்டிய நேரம். ஊசியைக் கழற்றி, காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தேன். தாளை மடியில் வைத்துவிட்டுத் தமிழில் சொன்னேன். "அந்தப் படத்துல இருக்கற வீடு என்னோடது இல்லை. என் மகளோடது. என் மகனுக்கு அதுல இடம் கிடையாது. இதைச் சொல்லிட்டுத்தான் கேக்கணும்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்லுடா," என்றேன்.

மகன் துருக்கியில் ஏதோ சொன்னான். ரொம்பச் சின்னதாக இருந்தது. பெண்ணின் தகப்பனார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, தலையைக்கூட ஆட்டினார். அப்போது தட்டோடு நின்றிருந்த பெண் அதைக் கீழே வைத்தாள். கத்தாரில் என் மகனோடு பேசிப் பேசி அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. எனக்கு அதுவரை தெரியாது. அவள் தன் தகப்பனாரைப் பார்த்து நீளமாகச் சொன்னாள். என் மகன் விட்ட வார்த்தையை எல்லாம் அவள் எடுத்துப் போடுகிறாள் என்று அவன் காது சிவந்ததில் தெரிந்தது. சொல்லி முடித்து என்னிடம், "சரியா, மாமா?" என்றாள்.

தகப்பனார் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு கேக்குறாரு," என்றான் மகன்.

"என் பொண்டாட்டி வீட்டுல. முப்பத்திரண்டு வருஷமா."

அதைக் கேட்டதும் அத்தை சிரிக்க ஆரம்பித்தார். தலைமுக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மனைவி வீட்டில் இருக்கிற மாப்பிள்ளைக்கு அவர்களிடம் ஒரு வார்த்தை உண்டாம், கேலிக்குத்தான் சொல்வார்களாம்.

"என்னத்துக்குச் சிரிக்கிறாங்க?" என்றாள் என் மனைவி. மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சாப்பாட்டுக்கு நான் ஒருநாளும் கணக்குக் கேக்கலைன்னு சொல்லு," என்றாள் அவள். அதையும் அந்தப் பெண்ணே சொன்னாள். அத்தை எழுந்து வந்து என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தகப்பனார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. குனிந்து வால்நட்டைக் கையால் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே வரிசையை இரண்டு தடவை திருப்பினார். கிளாஸ் மறுபடி நிரம்பியது. மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. பெண்ணின் தாயார் சோபாவின் விரிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

தகப்பனார் கை நிறைய வால்நட்டோடு வந்து என் முன்னால் கொட்டினார். உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண்தான் தமிழாக்கினாள்.

"உங்க ஊர்ல, பையன் பொண்ணு வீட்டுக்குப் போனா, வாப்பாவுக்கு வெக்கம் இல்லையா?"

"போகலைன்னாத்தான் வெக்கம்."

"உம்மா அழமாட்டாங்களா?"

மனைவி முந்திக்கொண்டாள். "அழறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு தெரு தள்ளி. காலையில டீக்கு இங்கதான் வந்து நிப்பான்."

அவர் விரலால் மேலே காட்டினார். மாடியில் இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறதாம். ஒரே மகள். அவள் போன பிறகு அந்த அறைகளை என்ன செய்வது என்று அவரும் அவர் மனைவியும் பேசிக்கொள்வதே இல்லையாம். மாப்பிள்ளையை இங்கே வந்து இரு என்று அவர் வாயால் கேட்க முடியாது. அவர்கள் வழக்கத்தில் அது பையனுக்கு இழுக்கு. உங்கள் வழக்கத்தில் இழுக்கு இல்லை என்றால், உங்கள் வழக்கப்படியே செய்யலாமா என்று கேட்டார்.

நான் பெண் கேட்கப் போயிருந்தேன். அவர் என் பையனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. மகனுடைய கணக்கு வேலையைக் கம்ப்யூட்டர் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். அதை அவனே எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவன் இப்போது என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றும் இருந்தது அந்தப் பார்வை, சரி என்று சொல்லுங்கள் என்றும் இருந்தது. உண்மையைச் சொன்னால் பெண் போய்விடும் என்றுதான் காலையிலிருந்து பயந்தேன். இது என் பயத்தில் இல்லவே இல்லை.

"வழக்கம்னா வழக்கம்தான்," என்றேன்.

அப்புறம் தாளைப் பிரித்து அந்த வாசகத்தைப் படித்தேன். நடுவில் ஒரு வார்த்தை தடுக்கியது. அத்தை எடுத்துக் கொடுத்தார். தகப்பனார் கொடுத்தேன் என்றார். எல்லோரும் ஆமீன் சொன்னோம்.

எங்கள் முறைப்படி மஹர் பேச வேண்டும் என்றேன். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தாக வேண்டிய தொகை. அதைச் சொல்வது பெண்ணின் உரிமை. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். மூன்று லட்சம் ரூபாய், உங்கள் ஊர்ப் பணத்தில். பாதி நிக்காஹ் அன்று. மறுபாதியை அந்தப் படத்தில் இருக்கிற வாசல்படியில் நின்று, அவர் கொடுக்க, என் கையில் வாங்கிக்கொள்கிறேன்.

காரில் திரும்பும்போது மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த ஊற்றைத் தாண்டும்போது, "இது எத்தனை தெருங்க?" என்றாள். நான் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த பங்குனியில் அந்த ஊர்ப் பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. எங்கள் ஜமாஅத்தின் கல்யாணப் பதிவேடான தஃப்தரிலும் பதிந்துகொண்டோம். மகன் அந்த மாடி அறைகளுக்கே குடிபோய்விட்டான். இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் இங்கே வர அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு அவள் தகப்பனாருக்கு முழங்கால் ஆபரேஷன். இப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பம், விமானம் ஏறக்கூடாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மகன் போன் செய்கிறான். போன வாரம், "வாப்பா, அந்தப் பாக்கியை அவ அக்கவுண்ட்ல போட்டுடறேன். கணக்கு முடிஞ்சிரும்," என்றான்.

மளிகைக் கடையில் நாலு ரூபாய் பாக்கி நின்றால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் சொன்னேன். "போடாதே. இங்க வந்து படியில நின்னு குடு."

அவன் சிலிண்டரை மூடிட்டீங்களா என்று கேட்டுச் சிரித்தான். மூடவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தஃப்தரில் அந்தப் பக்கத்தை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மஹர் ரூபாய் மூன்று லட்சம். கொடுத்தது ஒன்றரை லட்சம். பாக்கி ஒன்றரை லட்சம் ரூபாய்.