நான் போட்ட பொன்னாடை

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது பத்து மாடிக் குடியிருப்பு. லிப்ட் இரண்டு. ஒன்று நின்று பல வருடம் ஆகிறது. மற்றது போன தீபாவளிக்கு முன்பு நின்றது. ஏழாவது மாடியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். கால் வீங்கியிருப்பதால் படி இறங்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய மருமகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கி இறக்குவோம். நூற்றுப் பன்னிரண்டு படி. மருமகனுக்கு முதுகு போய்விட்டது. லிப்ட் ஓடவில்லையென்றால் அக்காவை, தூரத்தில் பெக்கோக் என்ற சிற்றூரில் இருக்கும் அக்காவின் தங்கை வீட்டில் விட்டுவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அதை நினைத்தாலே பயம். "அங்க யாரு தம்பி என்னை வாரத்துக்கு மூணு நாளு டவுனுக்கு ஏத்திக்கிட்டுப் போவா? ரெண்டு தடவை தவறுனா எனக்கு மூச்சு முட்டிரும்," என்பார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்துக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். கோலாலம்பூரில் ஏதோ ஓர் அமைப்பில் வேலை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், கீழ்த்தளக் கூடத்தில். மக்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே தீர்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பார் என்றார்கள். முதல் நாள் நாங்கள் நோட்டும் பேனாவுமாகப் போய் வரிசையில் உட்கார்ந்தோம். அவர் மேசையை ஓரமாகத் தள்ளச் சொன்னார். நாற்காலிகளை வட்டமாகப் போட வைத்தார். தானும் எங்களோடு உட்கார்ந்துகொண்டு சும்மா இருந்தார்.

"ஆரம்பிக்கலாம்ல மா," என்றார் சங்கத் தலைவர்.

"நான் பாடம் நடத்த வரலங்க. உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க சொல்லுங்க. எல்லாரும் சேர்ந்து கத்துக்கலாம்."

அன்று அக்காவையும் இறக்கியிருந்தோம். அவர்தான் கேட்டார்: "அலமாக்! எங்களுக்குத் தெரிஞ்சத நாங்களே சொல்லிக்கணும்னா நீ எதுக்கும்மா அவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்த?"

கூடமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். நாங்கள் திறந்து வைத்திருந்த நோட்டுகளில் அன்று யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

மூன்றாவது வாரம் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, அக்காவ எப்படி இறக்குறீங்க? எங்களுக்குச் சொல்லிக்குடுங்களேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்துபோய் ஒரு நாற்காலியைப் பிடித்தேன். உயரமானவன் கீழ்ப்படியில் நிற்க வேண்டும், நாற்காலி பின்பக்கம் சாய்ந்தே இருக்க வேண்டும், திருப்பத்தில் மேலே இருப்பவன் முதலில் நகரக் கூடாது, இடையில் பேசக் கூடாது. எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒருவர் நடுவில் கேள்வி கேட்டார். தலைவரே வந்து தூக்கிப் பார்த்தார். நாற்பது வருடமாக மற்றவர்கள் பேசியதையே கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அன்று இரவுச் சாப்பாடு எனக்கு வேறு மாதிரி ருசித்தது. அதை நினைத்தால் இப்போது கசக்கிறது.

ஐந்தாவது வாரம் நாடகம். லிப்டுக்குப் பொறுப்பான பராமரிப்பு அதிகாரியைச் சந்திப்பது எப்படி என்று நடித்துப் பார்க்க வேண்டும். அதிகாரியாக நடித்தது அக்கா. சேலைத் தலைப்பைக் கழுத்தில் டை மாதிரி சுற்றிக்கொண்டு, போனைப் பார்த்தபடியே, "நந்தி கித்தா தேங்கோ லா," என்றார். பிறகு பார்ப்போம் என்று அந்த அதிகாரி எப்போதும் சொல்வது அதுதான். சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்தச் சிரிப்பிலேதான் திட்டமும் உருவானது. கடைசி ஞாயிறு அதிகாரி வருவார். மேடை கிடையாது, மேசை கிடையாது, உரை கிடையாது. அவரும் வட்டத்தில் உட்காருவார். நான் எழுந்து மலாயில் மூன்றே வாக்கியம் சொல்வேன்: இவர் வாரத்துக்கு மூன்று நாள் இப்படித்தான் இறங்குகிறார். நூற்றுப் பன்னிரண்டு படி. ஐயா, இன்றைக்கு ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கள்.

பிறகு அவரை வைத்தே அக்காவை மேலே தூக்கிப் போக வேண்டும். எல்லோரும் கைதட்டி முடிவு செய்தார்கள். நான் அந்த மூன்று வாக்கியத்தைத் தொழிற்சாலை பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு அக்காவை முன்கூட்டியே இறக்கி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியோடு இருத்திவிட்டுக் கூடத்துக்குள் போனேன். நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, பீகூன் சேமியாவும் கேசரியும் மூடி வைத்திருந்தார்கள். தாம்பாளத்தில் ஒரு மாலை, மடித்த பொன்னாடை.

"வட்டமா உக்காருவோம்னு சொன்னோமே," என்றேன் தலைவரிடம். மெதுவாகத்தான்.

"நம்ம இடத்துக்கு வர்ற மனுசன வட்டத்துல குந்த வைக்கிறதா? அவரத் தூக்கச் சொல்றதா? நாளைக்கு நம்ம மூஞ்சியப் பாப்பாரா? முதல்ல மரியாதை செய்வோம். அப்புறம் நீ பேசிக்கலாம்."

நான் பயிற்சி கொடுத்த பெண்ணைத் தேடினேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நீங்க சொல்லுங்க மா, கேப்பாங்க," என்றேன்.

"நான் சொன்னா அது என் முடிவாயிரும் அண்ணே. நீங்கதான் பேசணும்."

அது அவருடைய முறை. அதை அவர் கடைசிவரை விடவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

அதிகாரி வந்தார். தலைவர் வரவேற்றார், நன்றி சொன்னார், மறுபடியும் நன்றி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான் உயரம், வா, போட்டு விடு," என்று பொன்னாடையைக் கையில் கொடுத்தார்.

மூன்று வாக்கியமும் வாயில்தான் இருந்தன. அதிகாரி குனிந்தார். நான் போட்டேன். கைதட்டினார்கள். போட்டோ எடுக்க இன்னொரு முறை போடச் சொன்னார்கள். அதையும் செய்தேன். பெரியவர் வந்தால் துண்டு போடுவதை எங்களுக்கு யாரும் ஆறு வாரம் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. அது கையிலேயே இருக்கிறது.

அவர் இரண்டு வாய் கேசரி சாப்பிட்டார். வேறொரு கூட்டம் இருக்கிறது என்று எழுந்தார். வெளியே படிக்கட்டுப் பக்கம் அக்காவைப் பார்த்ததும் நின்று, மலாயில் நலமா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பொன்னாடை இருந்த தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா அவரைப் பார்த்துச் சிரித்து, "சிஹாட், துவான்," என்றார். நலம், ஐயா என்று.

லிப்டைப் பற்றித் தலைவர் கார்க் கதவருகில் ஏதோ கேட்டிருக்கிறார். அதிகாரி சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அதே வாக்கியம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அக்காவை நானும் மருமகனும் மேலே தூக்கிக்கொண்டு போனோம். தூக்கும்போது பேசக் கூடாது என்று நான்தான் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தேன். நாலாவது மாடித் திருப்பத்தில் அக்கா பேசினார்.

"துண்டு நல்லாப் போட்ட தம்பி. சுருக்கமே இல்ல."

நான் நாற்காலியை அடுத்த படிக்குத் திருப்பினேன். இன்னும் மூன்று மாடி இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, டயாலிசிஸ் நாள். காலை ஐந்தரைக்கு அக்காவை இறக்கினோம். காரில் ஏற்றிய பிறகு, மாதக் கடைசியில் பெக்கோக்குக்குக் கொண்டுபோய் விடப்போவதாக மருமகன் சொன்னார். நான் ஏழு மணி ஷிப்டுக்குப் போனேன்.